கண்டார் பலர், கூடிக் கேட்டார் இலர்

2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேசிய நாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டியவர் எவரும், பதினைந்து நாள் இடைவெளிக்குள் இரண்டு வாலிபர்களின் படங்களைக் கண்டிருப்பர். முதலாமவர் சுல்பர்ஹான் ஒஸ்மான் என்னும் மலாய் மாணவர். வயது 21. சுங்கை பெசியிலுள்ள தேசியத் தற்காப்புச் சர்வகலாசாலையில் கடற்படைப் பயிற்சி பெற்று வந்தவர். மடிக்கணினி ஒன்றைத் திருடினார் என்று உடன் பயிலும் மாணவர் சிலர் அவர்மீது பழி சுமத்தி, மே மாதம் 21, 22 தேதிகளில் விடுதியிலேயே அவரை வதைத்தனர். நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுட்ட காயங்கள் அவர் உடலில் 90 இருந்தன. ஜூன் 1-ந் தேதி அவர் உயிர் நீங்கியது.

இரண்டாமவர் நம்மவர், நமது பினாங்குத் தீவினர். நவீன் என்னும் பதினெட்டு வயதுத் தமிழ் வாலிபர். மேற்படிப்புக்காகக் கோலாலம்பூர் செல்லவிருந்த தறுவாயில், ஜூன் 9-ந் தேதி இரவு சிலரால் தாக்கப்பட்டு, ஜூன் 15-ந் தேதி பினாங்கு ஆஸ்பத்திரியில் இறந்தார். பள்ளி நாட்களிலேயே அவர் ஏளனத்துக்கு ஆளாகி வந்தார் என்ற செய்தி அப்போதே பத்திரிகைகளில் வெளிவந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. குற்றம் யாருடையது என்பதை ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. நமது நெஞ்சை விட்டு அகலாத கேள்வி வேறு. ஏளனம் பள்ளியில் இருந்தது என்றால் அதைக் கண்டவர்களும் பள்ளியில் இருந்திருக்க வேண்டுமே. அவர்கள் கண்டது எங்கே போயிற்று?

இத்தகைய சாவு நேரும்போதெல்லாம் "தலையில் இடி விழுந்தது" என்கிறோம். இடி விழும் முன் வானம் கறுப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. கலாசாலைகளில் நிகழ்ந்த கொடுமைகளின் சரித்திரத்தைப் படித்தால், வானம் கறுத்ததைப் பலர் கண்டனர் என்பதும், கண்டவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டனர் என்பதும் திரும்பத் திரும்ப வெளியாகின்றன. இதை ஐயத்துக்கிடமின்றி எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு. அது அமெரிக்க நாட்டு ஏடாயினும் அதில் ஒரு தமிழரின் உயிரும் அடங்கியிருக்கிறது.

கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் 1954-ம் ஆண்டில் பிறந்தவர் ஜி. வி. லோகநாதன். கோயம்புத்தூர் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும், கான்பூர் ஐ. ஐ. டி.யிலும் பயின்று, அமெரிக்கா சென்று பர்டியூ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் வர்ஜீனியா மாகாணத்து பிளாக்ஸ்பர்க் நகரிலுள்ள வர்ஜீனியா டெக் என்னும் கலாசாலையில் நீரியல் போதிக்கும் பேராசிரியராக ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு பணிபுரிந்தார். மழை எவ்வளவு பெய்தால் ஆறு எவ்வளவு பெருகும், வெள்ளம் வருமென்று எத்தனை நாழிகைக்கு முன் சொல்லலாம் என்பன போன்றவை அவர் கற்ற சாஸ்திரத்தின் கேள்விகள். 2007-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி காலை, நாரிஸ் மண்டபத்தில் 206-ம் எண் அறையில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அக்கலாசாலையின் மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கிகளுடன் நுழைந்து சுட்டான். பேராசிரியரும் அவ்வறை மாணவர் ஒன்பதின்மரும் மாண்டனர். அவர்களுள் இந்தோனேசிய மாணவர் பார்த்தாஹி லும்பந்தோருவானும் ஒருவர். அன்று அக்கலாசாலையில் மாண்டவர் மொத்தம் 32 பேர். சுட்டவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் பெயர் உலகெங்கும் வேண்டிய அளவுக்கு மேல் அச்சாகிவிட்டது. நாமும் அச்சிட வேண்டுவதில்லை.

இந்தப் படுகொலையை ஆராய வர்ஜீனியா கவர்னர் ஒரு குழு நியமித்தார். அக்குழு அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, கலாசாலையை நடத்துவோரும் பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்புவோரும் ஒருமுறையேனும் அறிந்துகொள்ளத் தக்கது. அதிலுள்ள செய்திகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

அந்த மாணவன் சிறு வயது முதலே பேச்சற்றவனாய் ஒதுங்கி வாழ்ந்தவன். பள்ளியில் இருந்தபோது அவன் எழுதிய எழுத்தைக் கண்டு உபாத்தியாயர்கள் கவலையுற்றனர். பெற்றோருக்குச் சொன்னார்கள், மருத்துவம் நடந்தது, பள்ளியும் அவனுக்கேற்ற சலுகைகள் செய்து கொடுத்தது. ஓரளவு தேறினான். இதுவரை எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கலாசாலையில் சேர்ந்தபோது அச்செய்தியில் ஒரு வரியும் அவனோடு செல்லவில்லை. புதிய இடத்துக்கு அவன் எழுதப்படாத ஏடாகவே வந்து சேர்ந்தான்.

2005-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நிக்கி ஜியோவன்னி என்னும் புகழ்பெற்ற நீக்ரோ இனப் பெண் கவிஞர், 2024-ல் காலமானவர், அவனுக்குக் கவிதை வகுப்பு நடத்தினார். அவன் எழுதியவையும் வகுப்பில் நடந்துகொண்ட விதமும் பிற மாணவர்களை அச்சுறுத்தின. அவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினர். இவனை வகுப்பிலிருந்து நீக்காவிடில் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் அந்த அம்மையார். துறைத் தலைவியான லூசிண்டா ராய், அவனைத் தனியே அழைத்துத் தாமே பாடம் சொன்னார். போலீஸாருக்கும் மாணவர் நலன் பேணும் அதிகாரிகளுக்கும் மனநல ஆலோசனைச் சாலைக்கும் எழுதினார். அக்கலாசாலையில் மாணவர் நலக் குழு ஒன்று இருந்தது. அவனுக்குத் தனிப்பாடம் ஏற்பாடாயிற்று என்று கேட்டதும் அக்குழு விஷயம் முடிந்ததாகக் கருதிவிட்டது. அதே நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டு மாணவிகள் அவன் தங்களைத் தொந்தரவு செய்வதாகப் போலீஸிடம் முறையிட்டனர். போலீஸார் எச்சரித்தனர். அன்று இரவே தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவன் உடன் தங்கிய மாணவனுக்குச் செய்தி அனுப்பினான். அம்மாணவன் தெரிவிக்க, அவனை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்தார்கள். டிசம்பர் 14-ந் தேதி ஒரு நீதி அதிகாரி, அவன் வெளியிலிருந்தே மருத்துவம் பெற வேண்டும் என்று உத்தரவிட்டார். அன்று ஒரு நாள் ஆலோசனைச் சாலைக்குச் சென்றான். பிறகு அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை.

இத்தனைக்கும் நடுவே வேடிக்கை யாதெனில், இவை ஒவ்வொன்றையும் அறிந்தவர் வேறு வேறு மனிதர். ஆங்கிலத் துறைக்குத் தெரிந்தது போலீஸுக்கு முழுதும் தெரியாது. போலீஸுக்குத் தெரிந்தது நலக் குழுவுக்குத் தெரியாது. நீதி அதிகாரியின் உத்தரவு ஆங்கிலத் துறைக்குத் தெரியாது. பெற்றோருக்கோ ஒன்றுமே தெரியாது. மாணவரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் பேசவிடாமல் தடுக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தனர். உயிருக்கு அபாயம் என்று தோன்றுமிடத்து ஒருவருக்கொருவர் சொல்லலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமிருந்தது என்று குழு எடுத்துக்காட்டிற்று. சட்டம் கட்டிய கையைவிட, சட்டம் கட்டியிருப்பதாக நினைத்துத் தாமே மடக்கிக்கொண்ட கைகளே அதிகம்.

கொலை நடந்த காலையிலும் இதே கதைதான். ஏழேகால் மணிக்கு ஒரு விடுதியில் இருவர் சுடப்பட்டனர். மாணவர் அனைவருக்கும் முதல் எச்சரிக்கைக் கடிதம் கணினி வழியே சென்றது 9 மணி 26 நிமிஷத்துக்கு. நாரிஸ் மண்டபத்தில் முதற் குண்டு பாய்ந்தது 9.40 மணியளவில். வெள்ளம் வருவதை முன்னறியும் சாஸ்திரம் கற்ற நம் லோகநாதன், எவரும் ஒன்றும் சொல்லாமையால் வழக்கம்போல் வகுப்புக்குப் போயிருந்தார்.

நிற்க. இச்சம்பவத்துக்குப் பின் 2008-ம் ஆண்டில் வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. அரசாங்கக் கலாசாலை ஒவ்வொன்றிலும் அபாய மதிப்பீட்டுக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். போலீஸ், மனநல வைத்தியம், மாணவர் நிர்வாகம் முதலிய துறையினர் அதில் ஒரே மேஜையில் அமர வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கேட்டவுடன், சந்தேகப் பேர்வழிகளைப் பொறுக்கியெடுத்து வெளியே தள்ளும் குழு என்று நமது வாசகர் எண்ணக்கூடும். அப்படியன்று. இந்த முறைக்கு அடிப்படையாக இருந்த ஆராய்ச்சி ஒன்று 2002-ல் வெளிவந்தது. 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களையும், அவற்றைச் செய்த 41 பேரையும் அந்நாட்டு ரகசியப் போலீஸும் கல்வி இலாகாவும் சேர்ந்து ஆராய்ந்தன. குற்றவாளி இப்படித்தான் இருப்பான் என்று அடையாளம் கூறத்தக்க பொதுத் தோற்றம் எதுவும் கிடைக்கவில்லை. நன்றாய்ப் படித்தவனும் இருந்தான், படியாதவனும் இருந்தான். நண்பர் பலரை உடையவனும் இருந்தான், தனித்தவனும் இருந்தான். ஆனால் நூற்றுக்கு 81 சம்பவங்களில், தாக்குதலுக்கு முன்பே குறைந்தது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. தாக்கியவருள் நூற்றுக்கு 71 பேர் பிறரால் துன்புறுத்தப்பட்டதாகவோ தாக்கப்பட்டதாகவோ கருதியவர்கள்.

ஆகவே மௌனமாயிருப்பவனைக் கண்டு அஞ்சுவதும், கறுப்புச் சட்டை அணிந்தவனைக் கண்டு அஞ்சுவதும் மூடத்தனம். கோபத்தில் "உன்னை வெட்டிவிடுவேன்" என்று கத்துகிறவர் பலர். நமது லயங்களில் சம்பள நாளன்று இரவு இச்சொல் கேளாத வீடு ஏது? அவர்களுள் வெட்டுகிறவர் மிகச் சிலர். அதற்கு மாறாக, ஒன்றும் சொல்லாமல் கத்தியைத் தீட்டுகிறவனும் உண்டு. மிரட்டுவது வேறு, அபாயமாயிருப்பது வேறு. அக்குழு கேட்கும் கேள்விகள் இவை: இது நொடியில் வந்து நொடியில் போகும் கோபமா, அல்லது நாள் குறித்து இடம் குறித்து வளர்ந்து வரும் எண்ணமா? ஆயுதம் தேடினானா? யாரிடமாவது சொன்னானா? அண்மையில் இழந்தது என்ன, பட்ட அவமானம் என்ன? அவன் மதிக்கும் மனிதர் எவரேனும் உண்டா? கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. ஏனெனில் பெரும்பாலான சமயங்களில் செய்ய வேண்டியது அவனை விரட்டுவதன்று. விரட்டினால் அவன் கண்ணுக்கு மறைவானே தவிர எண்ணத்தை விட்டானல்லன். அவனோடு தொடர்பு வைத்திருப்பதும், மருத்துவத்துக்குப் போனானா என்று கேட்பதும், அவனைத் துன்புறுத்துகிறவர் இருந்தால் அவர்களைத் தடுப்பதுமே அக்குழுவின் அன்றாட வேலை.

நமது முன்னோர் தோட்டத்தில் இதைப் பேரிடாமல் செய்து வந்தனர். ஒருவன் பாராங்கத்தியைக் கையில் எடுத்தான் என்றால், பெரியவர் நால்வர் கூடி, ஒருவர் அவனை அழைத்துப் போவார், ஒருவர் கத்தியை வாங்கி வைப்பார், ஒருவர் எதிர்வீட்டாரோடு பேசுவார், இன்னொருவர் மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் அவன் வந்தானா என்று பார்ப்பார். அம்முறையில் அநியாயங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆயினும் நால்வரும் கூடி விஷயத்தை ஒன்று சேர்த்தனர். ஆயிரக்கணக்கான மாணவர் வாழும் கலாசாலையில் அந்த நால்வர் யார் என்பதே கேள்வி.

இனி நம் மொழி வழங்கும் இடங்களுக்கு வருவோம். இங்கே துப்பாக்கி இல்லை. அதனினும் பழமையான ஓர் ஆயுதம் இருக்கிறது. ராகிங் என்றும், நாம் பகடிவதை என்றும் கூறும் வழக்கம் அது. மூத்த மாணவர் புதியவரை மண்டியிடச் சொல்வதும், வசை பாடச் சொல்வதும், ஆடை களையச் சொல்வதும், "அறிமுகம்" என்று பெயர் பெற்று உலவுகின்றன. வருணாசிரமத்தை வெறுத்துப் பேசும் வாலிபர்கள் கூட, கலாசாலை விடுதியில் முதலாண்டு மாணவனைக் கடைசி வருணமாக்கி வைத்து ஆள்வதைக் கண்டு நாம் வியப்பதுண்டு. பிறப்பினால் தாழ்வில்லை என்பார். சேர்ந்த ஆண்டினால் தாழ்வு உண்டு என்பார். இன்று உதை வாங்கியவன் அடுத்த ஆண்டு உதைக்கும் உரிமை பெறுகிறான். மாமியார் மருமகள் கதையிலும் இதே நியாயந்தான்.

சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைச் சர்வகலாசாலை 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் நிறுவப்பெற்றது. தமிழிசைக்கும் தமிழ்க் கல்விக்கும் அது செய்த தொண்டினை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். பிள்ளைகளை மருத்துவம் பயில இந்தியாவுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. சிதம்பரத்தின் பெயரை அறியாத வீடு அவற்றுள் இராது. அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் 1996-ம் ஆண்டு முதலாண்டு மாணவராகச் சேர்ந்தவர் பொன். நாவரசு, வயது 17. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த பொன்னுசாமியின் மகன். நவம்பர் 6-ந் தேதி அவர் காணாமற் போனார். தலையற்ற உடல் மறுநாள் சென்னையில் அகப்பட்டது. மூத்த மாணவர் ஒருவர் கைதானார். பகடிவதைக்கு நாவரசு பணியாமையே காரணம் என்பது அரசாங்கத் தரப்பு வழக்கு. கடலூர் நீதிமன்றம் 1998 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2001 அக்டோபரில் விடுதலை செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20-ந் தேதி மீண்டும் குற்றத்தை உறுதி செய்தது. சாவுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுக்கு மேல்.

இறந்த பையனின் தந்தை யார் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். மாகாணத்துத் தலைசிறந்த சர்வகலாசாலையை நடத்தியவர் அவர். அத்தகையவரின் மகனுக்கே விடுதியில் காவல் இல்லையென்றால், பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் கடல் கடந்து படிக்கச் சென்ற தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த இரும்புக் கோட்டை இருக்கப்போகிறது?

அச்சாவுக்குப் பின் தமிழ்நாட்டு அரசாங்கம் 1997-ல் பகடிவதைத் தடைச் சட்டம் நிறைவேற்றிற்று. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். உடலுக்குச் செய்யும் தீங்கு மட்டுமன்றி, மாணவனுக்கு அச்சத்தையோ நாணத்தையோ உண்டாக்கும் செயலும் குற்றம் என்று அது வகுத்தது. அதனினும் நாம் பாராட்டுவது வேறொரு பிரிவு: முறையீடு வந்த பின்பும் விசாரியாமல் இருக்கும் கல்லூரித் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருத வேண்டும் என்பது. கேட்டும் கேளாதவர் போலிருத்தல் குற்றம் என்று ஒரு சட்டம் சொன்னது பெரிய காரியம். பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் தலைவர் ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007-ல் அறிக்கை தந்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வகுத்து, மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்றது. பத்திரத்தில் கையெழுத்திடுவது எளிது. நமது கல்யாணங்களில் வரதட்சணை வாங்கவில்லை என்று சொல்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது.

இலங்கையின் சரித்திரம் இன்னும் நெடியது. பேராதனைச் சர்வகலாசாலையில் இராமநாதன் விடுதி என்று ஒன்று உண்டு. சுன்னாகத்தில் 1913-ல் பெண்களுக்கென்றே கலாசாலை நிறுவிய சர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரால் வழங்குவது. அவ்விடுதியில் 1975-ம் ஆண்டில் ரூபா ரத்னசீலி என்னும் சிங்கள மாணவி, மூத்தவர்களின் வதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, முதுகெலும்பு முறிந்து நடக்கவியலாதவரானார். 2002-ல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். 1997-ல் அதே பேராதனையில் வரப்பிரகாஷ் என்னும் தமிழ்ப் பொறியியல் மாணவர், அளவின்றி உடற்பயிற்சி செய்ய வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். கல்வி நிலையங்களில் பகடிவதையைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1998-ல்தான் பிறந்தது. ஒரு பெண்ணின் முதுகெலும்பு முறிந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்பு! இடையில் ஆண்டுதோறும் எத்தனை விடுதிக் காப்பாளர்கள் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியிருப்பார்கள்?

நம் நாட்டு அதிகாரிகளுக்கு மாணவரைக் கவனிக்கும் கண் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1971-ம் ஆண்டிலேயே சர்வகலாசாலைச் சட்டம் இயற்றினார்கள். 1974-ல் ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் வட்டாரத்து ஏழைக் குடியானவர் கிளர்ந்தபோது, அவர்களுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினர். உடனே 1975-ல் அச்சட்டம் இறுக்கப்பட்டது. மாணவன் கட்சியில் சேரலாகாது, தொழிற்சங்கத்தை ஆதரிக்கலாகாது, ஆதரவாகப் பேசவும் ஆகாது. யார் எந்தக் கூட்டத்துக்குப் போனான், எந்தத் துண்டுப் பிரசுரத்தை வைத்திருந்தான் என்பதை அறிய ஆட்களும் ஏடுகளும் இருந்தன. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரு பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2012-ல் கட்சியில் சேரும் தடை தளர்ந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு மாணவரின் நாவைக் காவல் காத்தவர்கள், விடுதி அறைக்குள் நீளும் கைகளைக் காவல் காத்தனரா? ஏழைக்காகக் கொடி பிடித்த மாணவன் அபாயமாகத் தோன்றினான். நள்ளிரவில் இளையவனை எழுப்பி மண்டியிடச் செய்தவன் விளையாட்டுப் பிள்ளையாகத் தோன்றினான். ஆகையால் அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்று நாம் எழுதும்போது, இன்னொரு ஒற்றர் படை வேண்டுமென்று கேட்கவில்லை. யாரைக் கண்டு யார் அஞ்சுகிறார் என்று முதலில் கேளுங்கள் என்கிறோம். அதிகாரி மாணவனைக் கண்டு அஞ்சுவது ஒன்று. மாணவன் மாணவனைக் கண்டு அஞ்சுவது மற்றொன்று.

சட்டத்தின் நிலை இப்போது சிறிது மாறியிருக்கிறது. 2025 ஜூலை 11-ந் தேதி முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. மிரட்டும் சொல்லாலும் இழிசொல்லாலும் ஒருவரைத் துன்புறுத்துவது அவற்றின்படி குற்றம். 2024-ல் இணைய வசையால் மனமுடைந்து நம் தமிழ்ப் பெண் ஒருவர் உயிர்விட்ட துயரமே அச்சட்டத்தைத் துரிதப்படுத்திற்று. ஆயினும், அடி விழுந்த பின் அடித்தவனைப் பிடிப்பதற்கே சட்டம் உதவும். அடிக்குமுன் சொல்லப்படும் சொல்லைக் கேட்பதற்குக் காது வேண்டும். அக்காது முதலில் இருக்க வேண்டிய இடம் நமது வீடு.

வீட்டில் நாம் செய்வது என்ன? பிள்ளை விடுதியிலிருந்து கூப்பிடுகிறான். குரல் ஒரு மாதிரியாயிருக்கிறது. "சீனியர் பையன்கள் ரொம்பப் படுத்துறாங்கப்பா" என்று பாதி சொல்கிறான். தந்தை என்ன விடை தருகிறார்? "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும். சண்டைக்குப் போகாதே. கடன் வாங்கிப் படிக்க வச்சிருக்கோம்." தாயோ, இது வெளியே தெரிந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பர் என்று அஞ்சுகிறாள். மகளாயிருப்பின் இந்த அச்சம் பத்து மடங்கு. "உனக்கு எதற்கு வம்பு" என்ற ஒரு வாக்கியத்தை நம் சமூகம் அறிவுரை என்று எண்ணி ஆயிரம் முறை சொல்கிறது. துரையின் முன்னும் கிராணியின் முன்னும் கை கட்டி நின்ற தலைமுறை, அடங்கிப் போவதே பிழைக்கும் வழி என்று கற்றுக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. "பொறுத்துக்கோ" என்று கேட்ட பிள்ளை இரண்டாம் முறை சொல்வதில்லை என்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும். அன்றோடு, விஷயம் அறிந்த ஒருவர் குறைந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை எழுதாமல் விடுவது நேர்மையன்று. துன்புறுத்துகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்; நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். விடுமுறைக்கு வந்த மகன், புதிய மாணவனை எப்படி ஆட்டிவைத்தோம் என்று சிரித்துக்கொண்டே கதை சொல்லும்போது, நாமும் சேர்ந்து சிரிக்கிறோமா? அறிகுறி என்பது அழுகுரலில் மட்டும் வருவதன்று, சிரிப்பிலும் வரும்.

மீண்டும் சுங்கை பெசிக்கு வருகிறோம். சுல்பர்ஹானைக் கொன்ற வழக்கில் ஆறு பேருக்கு உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் பதினெட்டு ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் அதைத் தூக்குத் தண்டனையாக்கிற்று. கூட்டரசு நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் மறுபடியும் பதினெட்டு ஆண்டாக்கிற்று. தூக்கா சிறையா என்று நாடு முழுதும் விவாதித்தது. நாமும் தேநீர்க் கடைகளில் விவாதித்தோம். ஆனால் மே 22-க்கும் ஜூன் 1-க்கும் இடையே பத்து நாட்கள் உள்ளன. ஒரு விடுதியென்பது சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள். ஒரே குளியலறை, ஒரே உணவுச்சாலை, ஒரே அணிவகுப்பு. அந்தப் பத்து நாட்களைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் பேச்சில்லை.

நமது தீவிலிருந்து இவ்வாண்டும் பிள்ளைகள் கலாசாலைகளுக்குப் புறப்படுவர். சிலர் மைண்டன் குன்றிலுள்ள நம் அறிவியல் சர்வகலாசாலைக்கு, சிலர் பாலங்கடந்து தலைநகருக்கு, சிலர் பாட்டனார் கப்பலேறி வந்த அந்தக் கரைக்கே. நாம் கண்ட சேர்க்கைத் தாள்களில் தந்தையின் வருமானம் கேட்கிறார்கள், இரத்த வகை கேட்கிறார்கள், பகடிவதை செய்யேன் என்று கையெழுத்தும் சில இடங்களில் வாங்குகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவன் அஞ்சி ஓடிவந்தால் கதவைத் திறப்பவர் யார், மறுநாள் அதை எவரெவரிடம் அவர் சொல்வார், அவர்கள் எங்கே கூடுவர் என்பதற்கு அத்தாள்களில் ஒரு வரியும் இல்லை. கட்டணத்துக்கும் கட்டிலுக்கும் ரசீது வாங்கிக்கொண்டு நாமும் அதைக் கேளாமலே வீடு திரும்புகிறோம்.